புதுப்பிப்பு: ஐஸ்லாந்து பயணம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் கடைசிக்கு மாறிவிட்டது

ஜூன் முதல் வாரம் ஐஸ்லாந்து போனால் மலைநடையும் போகலாமா, ராத்திரி வானில் தெரியும் வண்ண வடதுருவ ஒளியும் பார்க்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். இரண்டுமே நடக்காது என்று பட்டென்று சொன்னவர்களுக்கு நன்றி. ஜூனில் அங்கே ராத்திரியே சரியாக இருட்டாதாம், அப்புறம் ஒளி எங்கே தெரியும்! உள்மலைப் பகுதிக்குப் போகும் மண்சாலைகளும் பனி உருகி, பெரும்பாலும் ஜூன் பாதிக்கு மேல்தான் திறக்கின்றன.

சரி, ஆகஸ்ட் கடைசி வாரம். உள்மலைப் பகுதியில் உள்ள லான்மன்னலாய்கரில் தொடங்கி தோர்ஸ்மோர்க் பள்ளத்தாக்கு வரை சுமார் 55 கி.மீ., நான்கு நாள் நடை. குடில்களில் மெத்தை மட்டும்தான் இருக்கும், தூக்கப்பை நாமே சுமக்க வேண்டும். பாலமில்லாத ஓடைகளைக் காலால்தான் கடக்க வேண்டும் என்பதால் பழைய வார்ச் செருப்பு ஒன்றைத் தேடி எடுத்து, குளியலறையில் ஐஸ் தண்ணீர் பக்கெட்டில் காலை விட்டுப் பார்த்தேன். நாற்பது வினாடி தாங்கவில்லை.

கார் யோசனையைக் கைவிட்டாயிற்று; வழியில் பாலமில்லாத ஆற்றில் காரை இறக்கி எஞ்சினில் தண்ணீர் புகுந்தால் பொதுவாகக் காப்பீடு கிடையாது. தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து கோடைகாலப் பேருந்தே போதும். ஆகஸ்ட் கடைசியில் ராத்திரி இருட்டிவிடும் என்றாலும், ஒளி தெரிவது மேகத்தின் கையில்.