மறு: வாழிடம், துண்டா திட்டா?

குழுவினருக்கு வணக்கம்.

விலங்குகள் வாழும் ஒரே பரப்பான காடு, சாலையாலும் தோட்டத்தாலும் தனித்தனியாகப் பிரிந்துபோவதை ஆங்கிலத்தில் ஃபிராக்மென்டேஷன் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த மடல் இழை நான்கு நாளாக நீண்டுகொண்டே போகிறது. சிதைவு, பிளவு, துண்டாக்கம், துண்டாடல், போன வாரம் நான் முன்வைத்த திட்டாக்கம் என ஐந்து சொற்கள் களத்தில் நிற்கின்றன.

சிதைவை இப்போதே கழித்துவிடலாம். காடு ஒரே பரப்பாக இருக்கும்போதே உள்ளே உண்ணிச்செடி மண்டிக் கெட்டுப்போகலாம். அதுதான் சிதைவு. காடு பிரிந்துபோவதைக் காட்டின் இழப்போடும் குழப்பக் கூடாது. பந்திப்பூர்க் காட்டுக்குள் போகும் சாலையைப் பாருங்கள். தார் போட்ட அகலத்தைக் கணக்கிட்டால் காடு இழந்தது அற்பம். ஆனால் அந்த அற்பம்தான் காட்டை இரண்டாக்குகிறது. 2009 முதல் அங்கே இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை, அவசர ஊர்தி, சில பேருந்துகள் தவிர மற்ற வண்டிகளுக்குத் தடை. ஆக அந்தக் காடு பகலில் இரண்டு, இரவில் ஏறக்குறைய ஒன்று. இழப்பு இரண்டு வேளையும் மாறவில்லை. மாறுகிற மற்றொன்றுக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

> துண்டு என்றாலே போதுமே, திட்டு எதற்கு?

துண்டு என்பது வெட்டியெடுத்த பங்கு. அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்று அந்தச் சொல் கேட்பதில்லை. (எனக்குத் தோளில் போடுகிற துண்டு வேறு நினைவுக்கு வந்து தொலைக்கிறது.) மணல்திட்டு என்றால் சுற்றி ஓடும் நீர் கேட்காமலே கண்ணில் தெரியும். வால்பாறை மேட்டுநிலம் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி தேயிலை, கொஞ்சம் காப்பி, இடையிடையே எஞ்சிய மழைக்காடு. இடுப்பளவுக்குக் கவாத்து செய்த தேயிலை ஒரே மட்டமாகப் போய், சட்டென்று மரங்கள் சுவர்போல எழும். ஓரத்து மரங்களில் வெயிலும் காற்றும் நேரே அறையும். உள்ளே நாலடி வைத்தால் ஈரம். மரத்தை விட்டு இறங்காமலே வாழக்கூடிய சோலைமந்தி (சிங்கவால் குரங்கு), அங்கே தார்ச்சாலையில் இறங்கி ஓடுகிறது. புதுத்தோட்டம் பக்கம் அதற்காகவே சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். என்னைக் கூட்டிப்போன ஜீப் ஓட்டுநர் சொன்னது: "மந்தி பாக்கணும்னா அந்தத் திட்டுக்குத்தான் போகணும் சார்." அங்கேதான் இந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போனது.

> அப்படியானால் நீலகிரிச் சோலைகளை என்ன சொல்வீர்கள்?

இங்கேதான் இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மா என்னை மடக்கிவிட்டார். மேல்மலையில் சோலை என்பதே பள்ளங்களிலும் மடிப்புகளிலும் திட்டுத்திட்டாக நிற்பதுதான். சுற்றிலும் புல்வெளி, வரையாடு மேய்வது அதில். யாரும் வெட்டிப் பிரித்ததல்ல. 'திட்டாக்கம் ஒரு கேடு' என்று பாடத்தில் படித்த ஒருவர், நல்லெண்ணத்தோடு சோலைகளை இணைக்கிறேன் என்று புல்வெளியில் மரம் நடக் கிளம்பினால்? வெற்று நிலம் என்று நினைத்துச் சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டதை ஒருமுறை பார்த்தாயிற்று. இப்போது சீகையை வெட்ட வெட்ட முளைக்கிறது. திட்டாக்கத்தை நான் திரும்பப் பெறுகிறேன்.

ஆகவே செயலுக்குத் துண்டாடல். 'அரசியல் நெடி அடிக்கிறது' என்று ஐயா ஒருவர் தயங்கினார். அடிக்கட்டுமே. நாட்டைத் துண்டாடினார்கள் என்றால் செய்தவர் ஒருவர் உண்டு. காட்டுக்கு நடுவே ரயில் பாதை தானாக முளைப்பதில்லை. பாறைகூடத் தானே பிளக்கும், அதனால் பிளவு வேண்டாம். துண்டாக்கத்தில் பிழையில்லை, ஆனால் வினையாக ஓட்டிப் பாருங்கள்: துண்டாடிய சாலை, துண்டாடப்பட்ட வாழிடம், துண்டாடாத காடு. வாயில் தடுக்காமல் வருகிறது.

திட்டை நான் முழுதாக விடவும் இல்லை. இயற்கையாக அமைந்தாலும் வெட்டி மிஞ்சினாலும் பொதுவாகத் திட்டு. துண்டாடி மிஞ்சியது எஞ்சுதிட்டு. சுற்றியிருக்கும் தேயிலையோ வயலோ சூழ்பரப்பு. சோலை திட்டு, எஞ்சுதிட்டு அல்ல. விலங்குகள் கடந்துபோகும் பாதைக்கு வழங்கும் 'வழித்தடம்' என்ற சொல்லில் கைவைக்க வேண்டாம். 2010-இல் தமிழக அரசு அறிவித்து 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த சீகூர் யானை வழித்தடம்வரை அந்தச் சொல் ஊன்றிவிட்டது.

ஒன்று மட்டும் மிச்சம். எஞ்சுதிட்டுகளுக்கிடையே விலங்குகள் போய்வர முடிகிற தன்மைக்கு, ஆங்கிலக்காரர்களின் கனெக்டிவிட்டிக்கு, என்ன சொல்வது? இணைப்பு என்றால் மின்வாரியம் நினைவுக்கு வருகிறது. 'போக்குவரத்து' பொருளில் மிகச் சரி, ஆனால் அதைத்தான் பந்திப்பூரில் இரவில் நிறுத்தி வைத்திருக்கிறோம். வேறு யோசனை உண்டா?