ஓடிஸ் ரெடிங்கின் குரல் உங்களைத் தடுத்து நிறுத்திய தருணம்: அனுபவப் பகிர்வு

மேடிசன்வாசி:
எங்கள் மேடிசன் நகரில் (அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம்) மொனோனா ஏரிக்கரை மாநாட்டு மண்டபத்தின் கூரைத் தோட்டத்தில் அமெரிக்க சோல் இசைப் பாடகர் ரெடிங்குக்கு ஒரு நினைவுப் பலகை இருப்பதை இங்குள்ள பலரும் அறிவீர்கள். அங்கே என் அருகில் நின்ற முதியவர் ஒருவர், 1967 டிசம்பர் 10 அன்று இரவு நடக்கவிருந்த ரெடிங்கின் கச்சேரிக்குத் தாம் நுழைவுச்சீட்டு வாங்கியிருந்ததாகவும், அவர் வந்த விமானம் இந்த ஏரியில் விழுந்து அவர் இறந்த செய்தி வந்த பிறகு அதைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெற மனம் வரவில்லை என்றும் சொன்னார். சொல்லிக்கொண்டே தம் சட்டைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். அந்தக் கை அசைவு இன்னும் என்னை விடவில்லை. இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் ரெடிங் பதிவுசெய்த 'டாக் ஆஃப் தி பே' பாடலின் இறுதியில் வரும் விசில் அன்று முதல் எனக்கு விடைபெறும் ஒலியாகவே கேட்கிறது. தம் முடிவை உள்ளூர உணர்ந்துதான் ரெடிங் அதைப் பாடினார் என்று நினைக்கிறேன்.

மெம்பிஸ் ரசிகர்:
மேடிசன் நண்பரே, அந்த முதியவரைப் பற்றி எழுதியதற்கு நன்றி, ஆனால் உங்கள் கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஆண்டின் பிற்பகுதியில் தொண்டையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, பாடாமல் ஓய்வெடுத்து, குரல் தேறிய உற்சாகத்தோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்குத் திரும்பிய 26 வயது இளைஞர் அவர். கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் ஒரு படகு வீட்டில் தங்கியிருந்தபோது தொடங்கிய பாடலை, கிதார் கலைஞர் ஸ்டீவ் க்ராப்பருடன் சேர்ந்து முடித்தார். அதுவரை தாம் பாடிவந்த முறையிலிருந்து விலகிப் புதிய வழி ஒன்றைத் தேடிய முயற்சி அது. நமக்குத் துயரமாகக் கேட்கும் அலையோசையும் கடற்பறவைகளின் ஒலியும் அவர் இறந்த பிறகு க்ராப்பர் சேர்த்தவை. 1968 மார்ச்சில் அது அமெரிக்கத் தரவரிசையில் முதலிடத்தை அடைந்தது. பாடியவர் மறைந்த பின் ஒரு பாடல் அங்கே முதலிடம் பெற்றது அதுவே முதல் முறை. அந்தச் சோகத்தை நாம்தான் பின்னோக்கிப் பாடலுக்குள் ஏற்றுகிறோம்.

என் அனுபவம் மெம்பிஸின் மக்லெமோர் அவென்யூவில், ரெடிங் பாடிய ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் நடந்தது. பழைய திரையரங்கு ஒன்றைத்தான் ஸ்டாக்ஸ் ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருந்தது. அந்தக் கட்டடம் 1989இல் இடிக்கப்பட்டது என்றாலும், அதே இடத்தில் சரிவான தரையோடு அதை மீண்டும் அமைத்திருக்கிறார்கள். அங்கே எங்களை அழைத்துச் சென்ற பெண்மணி, ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் வாசிக்க வேண்டியதை ரெடிங் எழுதித் தராமல் வாயால் பாடிக் காட்டித்தான் சொல்லிக்கொடுப்பார் என்று கூறி, ஒரு வரியைத் தாமே பாடினார். கூட்டத்திலிருந்த ஒரு சிறுமி அதை அப்படியே திருப்பிப் பாடினாள். அன்றுதான் அவர் பாடல்களில் ஊதுகருவிகள் ஏன் இரண்டாவது பாடகரைப்போல் பதில் சொல்கின்றன என்பது எனக்கு விளங்கியது.

தாளக்காரன்:
இருவரும் ரெடிங்கைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். அந்த விமானத்தில் அவருடன் இறந்தவர்களில், அவருக்குப் பின்னணி இசைத்த பார்-கேய்ஸ் குழுவினர் நால்வர். அவர்களில் ஒருவருக்கும் இருபது வயது நிரம்பவில்லை. ட்ரம்பெட் வாசித்த பென் காலி மட்டும், நீச்சல் தெரியாத நிலையிலும், இருக்கை மெத்தையைப் பற்றிக்கொண்டு அந்தக் குளிர்நீரில் உயிர் பிழைத்தார். அந்த விமானத்தில் ஏறாத இன்னொரு குழு உறுப்பினரான ஜேம்ஸ் அலெக்ஸாண்டரும் அவரும் சேர்ந்து குழுவை மறுபடி கட்டினார்கள். எனக்கு ட்ரம்ஸ் கற்பித்த ஆசிரியர் இதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்து, வகுப்பை அத்தோடு நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு பார்-கேய்ஸின் 'சோல் ஃபிங்கர்' போன்ற குதூகலமான பாடலைக்கூட என்னால் முழுதாகக் கேட்க முடியவில்லை.

மாலை வானொலி:
என் மகள் 'ரெஸ்பெக்ட்' பாடகி அரீதா ஃப்ராங்க்ளினின் பாடல் என்று அடித்துச் சொன்னாள். ரெடிங் 1965இல் பாடிய மூலத்தைப் போட்டுக் காட்டினேன். உழைத்துக் களைத்து வீட்டுக்கு வரும் ஆண் மரியாதை கேட்கும் பாடல் அது. பாதியில் அவள் எழுந்து வந்து ஒலிபெருக்கியின் அருகில் உட்கார்ந்துகொண்டாள். அவ்வளவுதான் நடந்தது, ஆனால் அவள் முகம் மாறிய விதத்தை மறக்க முடியவில்லை.

புதிதாகக் கேட்க வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தயவுசெய்து கடைசிப் பாடலிலிருந்து தொடங்காதீர்கள், ஏனெனில் மேடிசன் நண்பருக்கு நேர்ந்ததுபோல் மரணம் முன்னால் வந்து நின்று குரலை மறைத்துவிடும். 1965 ஜூலையில் ஏறத்தாழ ஒரே நாளில் பதிவான 'ஓடிஸ் ப்ளூ' தொகுப்பை முதலில் முழுதாகக் கேளுங்கள். முந்தைய டிசம்பரில் இறந்த சாம் குக்கின் பாடல்கள் மூன்று அதில் உண்டு. தாம் போற்றிய பாடகருக்கு அவர் செலுத்திய அஞ்சலி அது. அடுத்து 1966இன் 'ட்ரை எ லிட்டில் டெண்டர்னஸ்' பாடலுக்கு வாருங்கள். அது 1932ஆம் ஆண்டுப் பாடல். ட்ரம்ஸ் கலைஞர் ஆல் ஜாக்சன் ட்ரம்ஸின் விளிம்பைக் குச்சியால் சீராகத் தட்டத் தொடங்கும் இடத்தைக் கவனியுங்கள். அதன் பிறகு பாட்டு படிப்படியாகச் சூடேறி, முடிவில் ரெடிங் சொற்களை விட்டுவிட்டு வெறும் ஓசைகளால் பாடுகிறார். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்டால் இந்த ஏற்றம் பாதிகூடக் கிடைக்காது. பிறகு 1967 ஜூனில் கலிஃபோர்னியாவின் மாண்டரே இசை விழாவில் பாடிய பதிவைப் பாருங்கள். பெரும்பாலும் வெள்ளையர்களாலான, தம்மை அதிகம் அறியாத கூட்டத்தை அவர் சில நிமிடங்களில் எழுப்பி நிறுத்தினார். அங்கேதான் 'ரெஸ்பெக்ட்' பாடலைத் தம்மிடமிருந்து ஒரு பெண் (அரீதாவைத்தான் சொல்கிறார்) எடுத்துக்கொண்டுவிட்டார் என்று மனம் நிறைந்த சிரிப்போடு சொல்கிறார். என் மகள் சொன்னதில் பாதி நியாயம் உண்டு என்று நான் ஒப்புக்கொண்டது அந்த இடத்தைப் பார்த்த பிறகுதான்.