ஓய்வுபெற்ற அதிகாரிக்கு வழங்கப்பட்ட பணப்பலன்கள்: எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

வடக்குத்தெருவாசி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஒன்றியத்தில் வட்டார வளர்ச்சி அலுவலராக இருந்தவர் கடந்த ஆண்டு ஜூன் 30 அன்று ஓய்வுபெற்றார். அவர் பொறுப்பில் இருந்தபோது, 2022 செப்டம்பரில், எங்கள் தெருவுக்குப் பேவர் பிளாக் சாலை போடப்பட்டது. அளவுப் புத்தகத்தில் அதன் நீளம் 212 மீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. நானும் என் தம்பியும் மாரியம்மன் கோயில் முனையிலிருந்து டேப் பிடித்து அளந்தோம். குடிநீர்த் தொட்டிக்கு முன்பாகவே கல் முடிந்துவிடுகிறது. 168 மீட்டருக்கு மேல் வெறும் மண்தான். உள்ளாட்சி நிதித் தணிக்கையிலும் இதே குறை தடையாக எழுதப்பட்டிருப்பதை அப்போதைய ஒன்றியக் கவுன்சிலர் ஒருவர் எனக்குக் காட்டினார்.

அந்தத் தடை நிலுவையில் இருக்கும்போதே அவருக்குப் பணிக்கொடையும் விடுப்பு ஊதியமும் முழுமையாக வழங்கப்பட்டுவிட்டன என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அவருக்கு மொத்தம் எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு அனுப்பினேன். "தனிப்பட்ட தகவல், பிரிவு 8(1)(ஜே)-இன்படி வழங்க இயலாது" என்று ஒற்றை வரியில் பதில் வந்திருக்கிறது. மேல்முறையீட்டுக்கு இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருக்கின்றன. மக்கள் பணத்திலிருந்து கொடுக்கப்பட்ட தொகையைக் கேட்க மக்களுக்கு உரிமை இல்லையா? விவரம் அறிந்தவர்கள் வழி சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பழைய கண்காணிப்பாளர்:

ஐயா, நான் கணக்குப் பிரிவில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன். உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் கேள்வி தவறான இடத்தில் விழுந்திருக்கிறது என்று தோன்றுவதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஓய்வூதியமும் பணிக்கொடையும் அரசு மனமுவந்து கொடுக்கும் அன்பளிப்பு அல்ல. 1971-இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. 2013-இல் ஜார்க்கண்ட் அரசு தொடர்ந்த வழக்கில், அவை அரசமைப்புச் சட்டத்தின் 300-ஏ பிரிவு காக்கும் சொத்து என்றும், விதியில் இடமில்லாமல் அவற்றை நிறுத்திவைக்க முடியாது என்றும் தீர்ப்பளித்தது. ஆகவே, தணிக்கைத் தடை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருடைய பணத்தை அலுவலகம் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(பி) என்று சொல்லப்படுவது அதுதான். பணியில் இருக்கும்போதே அது வழங்கப்பட்டிருந்தால் அவருக்குத் தற்காலிக ஓய்வூதியம் மட்டுமே கிடைக்கும். நடவடிக்கை முடியும்வரை பணிக்கொடை வெளியே வராது.

தொகையைப் பொறுத்தவரை அதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. பணிக்காலம், கடைசியாகப் பெற்ற ஊதியம், அகவிலைப்படி ஆகியவை தெரிந்தால், பணிக்கொடை அதிகபட்சம் பதினாறரை மாத ஊதியம் என்ற கணக்கை வைத்து யாரும் போட்டுப் பார்த்துவிடலாம். அந்த எண் உங்கள் கைக்கு வந்தாலும் சாலையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

நீங்கள் பார்க்க வேண்டியது ஓய்வூதியக் கருத்துரு, அதாவது ஓய்வூதியம் வழங்கக் கோரி அலுவலகம் அனுப்பும் ஆவணத் தொகுப்பு. அதை மாநிலக் கணக்காயருக்கு அனுப்பும்போது, துறை நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை, அரசுக்குச் சேர வேண்டிய தொகை எதுவும் இல்லை என்று ஓர் அதிகாரி கையெழுத்திட்டுச் சான்றளிக்கிறார். தணிக்கை அறிக்கை வந்த நாளுக்கும் அந்தக் கையெழுத்து விழுந்த நாளுக்கும் இடையே அந்தத் தடையின்மீது யார் என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி. என் அனுபவத்தில் பெரும்பாலான கோப்புகளில் அந்த இடைவெளியில் ஒரு நினைவூட்டுக் கடிதமும், அதற்கு வராத பதிலும் மட்டுமே இருக்கும்.

மனுதாரர் மதுரை:

தகவல் சட்டத்தைப் பொறுத்தவரை நிலைமை முன்பைவிடக் கடினமாகியிருக்கிறது என்பதை வடக்குத்தெருவாசி அவர்கள் தெரிந்துகொண்டு மேல்முறையீடு செய்வது நல்லது. முன்பு 8(1)(ஜே) பிரிவிலேயே, பொதுப் பணியோடு தொடர்பில்லாத தகவலாகவோ ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுவதாகவோ இருந்தால்தான் மறுக்கலாம் என்ற வரையறை இருந்தது. பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்ற வழியும் அங்கேயே இருந்தது. அப்படி இருந்தபோதே, 2012-இல் கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில், ஓர் ஊழியருக்கு வழங்கப்பட்ட குறிப்பாணைகள், தண்டனைகள், அவருடைய சொத்து விவரம் ஆகியவை தனிப்பட்ட தகவல் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைக் காட்டி எத்தனை மனுக்கள் திருப்பி அனுப்பப்பட்டன என்பதை மனுப் போட்ட எவரும் அறிவர். பிறகு 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வரையறைகளையும் எடுத்துவிட்டது. அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இப்போது அந்தப் பிரிவு, தனிப்பட்ட தகவல் என்று மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது. மக்களிடமிருந்து ஒரு சட்டத்தின் உயிர்ப்பான பகுதி பறிக்கப்பட்டுவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

இருந்தாலும் கதவு முழுவதும் மூடவில்லை. பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது. பாதுகாக்கப்படும் நலனைவிடப் பொதுநலன் மிகுந்திருந்தால் தகவலை வெளியிடலாம் என்று அது சொல்கிறது. ஒவ்வோர் அலுவலரும் பெறும் மாத ஊதியத்தை அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும் என்ற பிரிவு 4(1)(பி)-யும் இருக்கிறது. விசாரணை நடக்கிறது என்று சொல்லி மறுத்தால், 2007-இல் பகத் சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதை மேற்கோள் காட்டுங்கள்: விசாரணை இருப்பது மட்டும் காரணமாகாது, தகவல் அதை எப்படித் தடுக்கும் என்று அலுவலகம்தான் விளக்க வேண்டும்.

என் யோசனை இது. ஏற்கெனவே போட்ட மனுவுக்கு 8(2)-ஐக் குறிப்பிட்டு மேல்முறையீடு செய்யுங்கள். அதோடு புதிதாக ஒரு மனு எழுதி, அதில் அந்த அதிகாரியின் பெயரையே எழுதாதீர்கள். இன்ன வேலைக்கான அளவுப் புத்தகப் பக்கங்கள், பட்டியல் தொகை கொடுக்கப்பட்ட வவுச்சர், தணிக்கைத் தடையின் நகல், அந்தத் தடைக்கு ஒன்றிய அலுவலகம் அனுப்பிய பதில்கள் என்று சாலையைப் பற்றி மட்டும் கேளுங்கள். கல்லுக்கும் ஜல்லிக்கும் அந்தரங்கம் கிடையாது.

தென்காசி மகள்:

நான் இதன் மறுபக்கத்தைப் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். என் தந்தை கிராம நிர்வாக அலுவலராக இருந்தார். 2012-இல் 58 வயது நிறைவடைந்து ஓய்வுபெற வேண்டிய நாளன்று மாலை நான்கரை மணிக்கு, மாலைகூட வாங்கி வைத்திருந்த நிலையில், பணியிடை நீக்க ஆணை வந்தது. முதியோர் உதவித்தொகைக்குத் தகுதியற்றவர்களைப் பரிந்துரைத்தார் என்பது குற்றச்சாட்டு. நீக்கத்தில் இருப்பவரை ஓய்வுபெற அனுமதிக்கக் கூடாது என்ற விதியின்படி அவர் பணியிலும் இல்லை, ஓய்விலும் இல்லை. பிழைப்பூதியம் (பணியிடை நீக்கக் காலத்தில் தரப்படும் பகுதி ஊதியம்) பெறுவதற்காக, "நான் வேறு எந்த வேலையிலும் ஈடுபடவில்லை" என்று மாதந்தோறும் தம் கையால் எழுதிக்கொடுத்தார். அறுபத்து நான்கு வயதிலும் அதே வாக்கியத்தை எழுதினார். முடிவில் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று ஆணை வந்தது. விசாரணை அதிகாரி ஒரே நாளில் முடித்த வேலை அது. அந்த ஒரு நாள் வருவதற்கு ஆறாண்டுகள் ஆயின.

கடைசி நாளில் நீக்கம் செய்யும் அந்த நடைமுறையைத் தவிர்ப்பதாக 2021-இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது நான் அழுதேன். சகோதரர் கேட்கும் கேள்வி தவறு என்று நான் சொல்லவில்லை. அந்த 44 மீட்டருக்கு யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் தணிக்கை எழுதிய ஆண்டிலேயே விசாரிக்காமல், பணம் கொடுக்கும் நேரத்தில் பிடிக்க வேண்டும் என்று நாம் கேட்டால், அந்தப் பிடியில் என் தந்தையைப் போன்றவர்களும் சிக்குவார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

வடக்குத்தெருவாசி:

அம்மா, உங்கள் பதிவைப் படித்தபின் என் மனுவை எடுத்து மறுபடியும் பார்த்தேன். அதில் சாலை என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. முழுக்க அவருடைய பணத்தைப் பற்றியே எழுதியிருக்கிறேன். புதிய மனுவை மதுரை நண்பர் சொன்னபடி எழுதுகிறேன். கண்காணிப்பாளர் ஐயாவிடம் ஒரு சந்தேகம்: அவர் ஓய்வுபெற்றுவிட்ட நிலையில், இழப்பு உறுதியானால் இனி வசூலிக்க முடியுமா?

பழைய கண்காணிப்பாளர்:

முடியும், ஆனால் காலம் குறைவு. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978-இன் 9-ஆம் விதிப்படி, கடுமையான முறைகேடோ கவனக்குறைவோ நிரூபிக்கப்பட்டால் ஓய்வூதியத்தை நிறுத்திவைக்கவும் இழப்பை வசூலிக்கவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. பணிக்காலத்தில் தொடங்காத நடவடிக்கையை ஓய்வுக்குப் பின் தொடங்குவதற்கு அரசின் அனுமதி தேவை; நிகழ்வு நடந்து நான்காண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. உங்கள் சாலை 2022 செப்டம்பரில் போடப்பட்டது என்றால் 2026 செப்டம்பரோடு அந்தக் கதவு மூடிவிடும். தகவல் மனுவின் பதிலுக்காகக் காத்திருக்காமல், தணிக்கைத் தடையின் எண்ணைக் குறிப்பிட்டு மாவட்ட ஆட்சியருக்கும் ஊரக வளர்ச்சி இயக்குநருக்கும் இன்றே புகார் எழுதுங்கள். விரைவு அஞ்சலில், ஒப்புகையோடு அனுப்புங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அளவை எடுத்து எழுதியவர் பணி மேற்பார்வையாளர், சரிபார்த்தவர் ஒன்றியப் பொறியாளர், அதன்பிறகே வட்டார வளர்ச்சி அலுவலர் பணத்தை விடுவித்திருப்பார். முதல் இருவரும் இன்னும் பணியில் இருக்கலாம். புகாரில் மூன்று பதவிகளையும் குறிப்பிடுங்கள். வீட்டுக்குப் போனவர்மீது மட்டும் சுமத்தினால், பணியில் இருப்பவர்கள் அந்தக் கோப்பை அவரோடு சேர்த்து ஓய்வுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வடக்குத்தெருவாசி:

மிக்க நன்றி ஐயா. நாளை காலை தம்பியோடு மறுபடியும் அளந்து, குடிநீர்த் தொட்டி தெரியும்படி டேப்போடு படம் எடுத்து இணைத்து அனுப்புகிறேன். ஒப்புகை வந்ததும் இங்கே எழுதுகிறேன்.