எழுதத் தெரியும், வீடியோ தெரியாது: எங்கே தொடங்குவது?

பேனாக்காரன்:
ஆறு வருடமாகப் பத்திரிகையில் எழுதுகிறேன். இனிமேல் ஒரே செய்திக்கு அச்சுக்குப் படம், சேனலுக்கு இரண்டு நிமிட வீடியோ எல்லாம் நானே கொண்டுவர வேண்டுமாம். கையில் இருப்பது ஒரு போன்தான். முதலில் கேமராவா, எடிட்டிங்கா? போன வாரம் எடுத்த பேட்டியை, விஷுவல் பளிச்சென்று இருந்தும் டெஸ்க்கில் ஓரங்கட்டிவிட்டார்கள்.

காதுகுத்து:
ஆடியோ சரியில்லை என்றுதானே சொன்னார்கள்? படம் லேசாக ஆடினால் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு புரியாவிட்டால் மாட்டார்கள். அதனால் முதலில் ஒலி. காலர் மைக்கை வாய்க்கு ஒரு சாண் கீழே, சங்கிலி, துப்பட்டா எதுவும் உரசாத இடத்தில் குத்துங்கள். பேச்சின் உச்சம் ஒலி அளவு காட்டும் மீட்டரில் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும், 0-வைத் தொட்டுக் கரகரத்துவிட்டால் எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும்பாடு. முடிந்ததும் எல்லோரையும் வாய்மூடச் சொல்லி அந்த அறையின் சத்தத்தை மட்டும் 30 நொடி பதிவு செய்துகொண்டால், பேச்சை வெட்டிய இடங்களில் அடியில் போட்டு ஒட்டுப்போடலாம். ஹெட்போன் இல்லாமல் உட்காராதீர்கள். மைக் ஆஃபில் இருப்பது தெரியாமல் ஒரு மணி நேரம் பேட்டி எடுத்தவன் சொல்கிறேன்.

கட்அவே:
அப்புறம், முகத்தையே இரண்டு நிமிடம் காட்டாதீர்கள். தையற்காரர் என்றால் கடை முழுவதும் ஒன்று, மெஷின் முன் அவர், ஊசிக்கு அடியில் துணியைத் தள்ளும் விரல்கள், அந்த விரல்களையே பார்க்கும் கண்கள். ஒவ்வொன்றும் 10 நொடி, கை ஆடாமல். பேச்சை வெட்டியதால் படம் துள்ளும் இடத்தில் விரல் ஷாட்டைப் போட்டால் வெட்டு தெரியாது. எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும்.

பேனாக்காரன்:
அச்சுக்கு வீடியோவிலிருந்தே ஒரு பிரேமை எடுத்துக்கொள்ளலாமா?

பழைய டெஸ்க்:
வேண்டாம். ஃபுல் எச்டி பிரேமின் அகலம் 1920 பிக்சல். இதழ்களுக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி கேட்பார்கள், அந்தக் கணக்கில் ஆறரை அங்குலம்கூட வராது, போதாததற்கு ஆள் அசைந்திருந்தால் மங்கல் வேறு. தனியாக போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் சுருக்கிவிடும். ஸ்கிரிப்டை வாய்விட்டுப் படியுங்கள், மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். எங்களைப் போல அச்சிலேயே ஊறியவர்களுக்கு இதுதான் கஷ்டம்.

பேனாக்காரன்:
அந்தப் பேட்டியை இப்போதுதான் ஹெட்போனில் கேட்டேன். அவர் தலைக்கு மேலே ஒரு ஃபேன், ஆளைவிட அதுதான் அதிகம் பேசியிருக்கிறது. நாளைக்கு மறுபடி எடுக்கப் போகிறேன்.