நாலு மருந்து ஒரே ட்யூபில்: படர்தாமரைக்குப் போடலாமா?

நொய்யல்கரை:
திருப்பூர்ல சாயப்பட்டறை வேலைங்க. நாள் பூரா ஈரத்துலயும் ஆவியிலயும் நிக்கோணும். நாலு மாசம் முன்னால தொடை இடுக்குல ஒரு ரூபா காசு அளவுக்கு வட்டமா வந்துச்சு. காட்டக் கூச்சப்பட்டுட்டு மெடிக்கல்ல வாயால சொல்லி ஒரு க்ரீம் வாங்கினேன். குளோபெட்டசால், ஓஃப்லாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினாஃபின்னு அட்டையில நாலு பேரு இருக்குதுங்க. ரெண்டே நாள்ல அரிப்பு நின்னுருச்சு. விட்டா ஒரு வாரத்துல திரும்ப வருது. இப்ப அஞ்சாவது ட்யூப். வட்டம் இடுப்பு வரைக்கும் ஏறிருச்சு. விடாம போட்டா முழுசா போயிருமாங்க?

செவிலி தஞ்சை:
போகாது தம்பி, இன்னும் பரவும். தோல் ஓபியில வேலை பாக்குறேன். உங்களை மாதிரி பையில ட்யூபோட வர்றவங்களைத் தினமும் பாக்குறேன். அந்த நாலுல பூஞ்சையைக் கொல்றது டெர்பினாஃபின் ஒண்ணுதான். ஓஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் பாக்டீரியா மாதிரி வேற கிருமிகளுக்கு. படர்தாமரைக்கு அதுங்களால பிரயோஜனம் இல்ல. குளோபெட்டசால் ஸ்டீராய்டு, அதுவும் பூசுற ஸ்டீராய்டுலயே ரொம்ப வீரியமான வகை.

அரிப்பும் செவப்பும் உங்க உடம்பு பூஞ்சையோட போராடுறதோட அடையாளம். ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தைத்தான் அமுக்குது. உங்களுக்கு நின்னது அரிப்பு, பூஞ்சை இல்ல. அது எதிர்ப்பில்லாம உள்ளுக்குள்ள படர்ந்துட்டே இருந்திருக்கு. பல மாசம் போட்டவங்களுக்கு வட்டமே கலைஞ்சு, படர்தாமரையா வேற நோயான்னு டாக்டருக்கே சந்தேகம் வர்ற அளவுக்கு உருமாறிடுது.

மருந்துக்கடை 22 வருஷம்:
சிஸ்டர், கடைக்காரன் பக்கமும் கேளுங்க. எங்க ஊர்ல தோல் டாக்டர் கிடையாது. பெரியாஸ்பத்திரிக்கு பஸ்ல ஒன்றரை மணி நேரம். தோல் ஓபி காலையிலதான். கூலிக்குப் போறவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டுப் போகணும். தனி பூஞ்சை க்ரீம் குடுத்தா மூணாம் நாள் வந்து, உன் மருந்து வேலை செய்யலன்னு எல்லார் முன்னாடியும் திட்டுறார். கலவை க்ரீம் குடுத்தா நிம்மதியா தூங்கினேன்னு கும்பிடுறார். டாக்டர்களே இதை எழுதுறாங்களே, அவங்களை ஏன் யாரும் கேக்கறதில்ல?

கரிசல்:
கும்பிட்டது நானும்தான். ரெண்டு வருஷம் விட்டு விட்டு இதே மாதிரி க்ரீம். என் தொடையில இப்ப விரல் அகலத்துக்கு கோடு கோடா தோல் கிழிஞ்ச தழும்பு. இனி போகாதுன்னுட்டாங்க. 32 வயசு. வேட்டியை மடிச்சுக் கட்டவே கூசுது. 2018 செப்டம்பர்ல 328 கலவை மருந்துகளுக்கு மத்திய அரசு தடை போட்டுச்சு, அதுல தோல் க்ரீம் சிலதும் உண்டு. ஆனா பூஞ்சை மருந்தோட ஸ்டீராய்டு கலந்தது இன்னமும் அலமாரியில இருக்கு. மொத்தமா தடை பண்ணணும். வேற பேச்சே வேண்டாம்.

செவிலி தஞ்சை:
கரிசல் தம்பி, உங்க வேதனை புரியுது. ஆனா எல்லாக் கலவையையும் ஒரே தட்டுல வைக்க மாட்டேன். கரப்பான்ல சீழ் வச்சிருந்தா, ஸ்டீராய்டும் ஆண்டிபயாடிக்கும் சேர்ந்ததை டாக்டர் சில நாளுக்குக் குடுக்கறதுண்டு. அது பாத்து, நோய் என்னன்னு தெரிஞ்சு, நாள் கணக்கு சொல்லிக் குடுக்கறது. படர்தாமரைக்கு இந்த நாலு மருந்து ட்யூபை டாக்டரே எழுதினாலும் தப்புதான். கடைக்கார அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி.

ஆனா அண்ணா, 2018 மார்ச்சுல 14 வகை பூசுற ஸ்டீராய்டை அட்டவணை எச்-க்குள்ள கொண்டு வந்தாங்க. குளோபெட்டசாலும் அந்த அட்டவணையிலதான் இருக்கு. சீட்டு இல்லாம விக்கக் கூடாது. அட்டையில செவப்புக் கோடு அதுக்குத்தான்.

இன்னொரு சங்கதி. டெர்பினாஃபினுக்கே அசையாத ஒரு படர்தாமரைப் பூஞ்சை நம்ம நாட்டுல பரவிக் கிடக்கு. 2020-ல ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியேன்னு பேர் வச்சாங்க, பேர்லயே இந்தியா இருக்கு. இப்படி அரைகுறையா ஸ்டீராய்டோட கலந்து பூசினது அது பரவ ஒரு காரணம்னு தோல் டாக்டர்கள் சொல்றாங்க.

ரெண்டு பிள்ளை அம்மா:
அக்கா, பாப்பாவுக்கு 9 மாசம். டயப்பர் போடுற இடத்துல செவந்து தோல் உரியுது. வீட்டுக்காரரோட ட்யூப் இருக்கு, அதுல துளி தடவலாமா?

செவிலி தஞ்சை:
வேண்டவே வேண்டாம்மா. டயப்பர் மேல மூடிக்கிட்டா மருந்து பல மடங்கு உள்ள இறங்கும். பிஞ்சு உடம்புல அது ரத்தத்துல கலந்து, உடம்பு தானா சுரக்கிற ஹார்மோனையே அமுக்கிடும். டயப்பரைக் கழட்டிக் காத்தாட விடுங்க, நாளைக்கே குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க.

பெரியவங்களுக்கும் இடத்துக்கு இடம் கணக்கு மாறும். முன்கைத் தோலோட ஒப்பிட்டா விதைப்பைத் தோல் ஸ்டீராய்டை 40 மடங்குக்கு மேல உறிஞ்சும். தொடை இடுக்கு, அக்குள், முகம் எல்லாமே மெல்லிசுத் தோல். கண்ணுகிட்ட நாள்கணக்கா பூசினா கண் அழுத்தம், புரைன்னு போய் நிக்கும். தடித்த தோலுக்கு டாக்டர் எழுதினாக்கூட குளோபெட்டசால் ரெண்டு வாரம், வாரத்துக்கு 50 கிராமுக்கு மேல கூடாது. அளவு தெரியணும்னா, ஆள்காட்டி விரல் நுனியிலேர்ந்து முதல் மடிப்பு வரைக்கும் ஒரு கோடு பிதுக்கினா ஏறக்குறைய அரை கிராம். விரல்களோட சேர்த்து ரெண்டு உள்ளங்கை அகல இடத்துக்கு அது போதும்.

மருந்துக்கடை 22 வருஷம்:
ஒண்ணு ஒத்துக்கறேன். இனிமே வாயால கேட்டு வந்தா, தனி பூஞ்சை க்ரீம் தவிர வேற எதையும் எடுத்துக் குடுக்கமாட்டேன். அரிப்பு நிக்க நாளாகும், பொறுத்துக்கோங்கன்னு சொல்லியே அனுப்பறேன். ஆனா சாயங்கால ஓபி இல்லாத வரைக்கும் அந்த ஜனங்க பக்கத்து கடைக்குத்தான் போவாங்க சிஸ்டர். அது என் ஒருத்தன் கையில இல்ல.

கரிசல்:
பக்கத்து கடையிலயும் கிடைக்கக் கூடாதுன்னுதானே தடை கேக்கறேன்.

நொய்யல்கரை:
நேத்து லீவு போட்டு ஆஸ்பத்திரி போனேனுங்க. தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்புல பாத்தாங்க, பூஞ்சைதான். மாத்திரை, தனி க்ரீம், ஆறு வாரம். வட்டத்துக்கு வெளியில ரெண்டு விரல் தள்ளியும் பூசணுமாம், மறைஞ்ச பின்னாலயும் ரெண்டு வாரம் விடக்கூடாதாம். ஈரம் தங்குற அரைஞாண் கயித்தை அறுத்துட்டாங்க. அம்மாவுக்கு மனசே இல்ல. ஜட்டி, துண்டெல்லாம் தனியா சுடுதண்ணியில அலசி, உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி வெயில்ல போடச் சொல்லிருக்காங்க. அண்ணனுக்கும் இருக்குது, அவரையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க.

பழைய க்ரீமை நிறுத்தினதுல அரிப்பு தாங்கல, ராத்திரி தூக்கமில்ல. மிச்சமிருந்த அரை ட்யூபை அண்ணன் கேட்டாருங்க. குடுக்கல, பிதுக்கிக் குப்பையில போட்டேன். வர்ற திங்கக்கிழமை ரெண்டு பேரும் போறோம்.