அம்மாவுக்கு ஒரு தடி

பெரியண்ணன்: அம்மாவுக்குத் தடி வாங்கி வந்துவிட்டேன். நாலு கால் தடி, தானாகவே நிற்கும். படம் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

சித்தி (மோல்மீன், பர்மா): நல்ல காரியம் செய்தாய்ப்பா. அக்கா படியில் சறுக்கினதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

அண்ணி: காலையில் அத்தை அதை எடுத்துக்கொண்டு காளியம்மன் கோயிலுக்குக் கிளம்பினார்கள். முதல் படியிலேயே சிக்கல். இரண்டு கால்தான் படியில் உட்காருகிறது, மற்ற இரண்டும் அந்தரத்தில் நிற்கின்றன. பிடித்து மேலே கூட்டி வந்துவிட்டேன்.

நான்: நல்ல வேளை அண்ணி. அண்ணே, கோபித்துக்கொள்ளாதே. தடி நல்ல தடிதான், ரங்கூன் வீட்டுப் படிக்குத்தான் சேராது. மூன்று மாடி, லிப்ட் கிடையாது, பாதம் முழுதாக வைக்கவே படியில் இடமில்லை. நாலு காலும் ஒன்றாகத் தரையில் பதிந்தால்தான் அந்தத் தடிக்குப் பலம். தெருவில் சாக்கடை மூடிக் கல்லெல்லாம் ஏறி இறங்கிக் கிடக்கிறது. ஒரு கால் ஆடினாலும் ஆளைச் சாய்த்துவிடும்.

சித்தி (மோல்மீன்): உங்கள் சித்தப்பாவைப் பக்கவாதத்துக்குப் பிறகு நடக்க வைத்ததே நாலு கால் தடிதானே?

நான்: ஆமாம் சித்தி. அவருக்கு ஒரு பக்கமே பலம் இல்லை, நிற்கவே துணை தேவைப்பட்டது. உங்கள் வீடும் சமதரை. அம்மாவுக்கு வலது முழங்கால் தேய்மானம் மட்டும்தான். ஒற்றைத் தடி போதும்.

பெரியண்ணன்: சரி, கடையில் மாற்றித் தருவார்கள். எதைக் கேட்கட்டும்?

நான்: உயரம் கூட்டிக் குறைக்கிற அலுமினியத் தடி. கைப்பிடி தட்டையாக இருக்கட்டும். அதற்குக் கீழே தண்டு அன்னத்தின் கழுத்து மாதிரி வளைந்திருந்தால் இன்னும் நல்லது, கையின் பாரம் நேராகத் தண்டில் இறங்கும். உயரத்தைப் பூட்டுகிற பொத்தான் துளையில் டக் என்று முழுதாக வெளியே வருகிறதா பார். அடி ரப்பரையும் விரலால் தடவிப் பார், வரி வரியாகக் கோடு இருக்க வேண்டும். அது தேய்ந்து வழுவழுப்பானால் மழைக்காலத்தில் சறுக்கிவிடும். ரப்பரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

தம்பி (பெகு): எதற்குப் புதுசு? அப்பாவின் தேக்குத் தடி பீரோவுக்குப் பின்னால் இருக்கிறதே. அதைப் பிடித்தால் அம்மாவுக்குத் தைரியமாக இருக்கும்.

அண்ணி: இரண்டு நாளாக வீட்டுக்குள் அதை வைத்துத்தான் நடக்கிறார்கள். தோள் வலிக்கிறது என்கிறார்கள்.

நான்: வலிக்கத்தான் செய்யும். அப்பா எவ்வளவு உயரம்! தடி உயரமானால் தோள் தூக்கிக்கொண்டே இருக்கும், குட்டையானால் முதுகு கூனும். அண்ணி, அம்மாவை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, கையைத் தொங்க விடச் சொல்லுங்கள். மணிக்கட்டில் உள்பக்கம் ஒரு மடிப்பு தெரியும். கைப்பிடி அந்த மடிப்பு உயரத்தில் இருக்க வேண்டும். அப்போது பிடித்தால் முழங்கை லேசாக, ஒரு 15, 20 டிகிரி மடங்கும்.

அண்ணி: பார்த்தேன். மாமா தடி அந்த மடிப்புக்கு மேலே நாலு விரல்கடை நிற்கிறது. அப்புறம் இன்னொன்று, அத்தை அதை வலது கையில்தான் பிடிக்கிறார்கள்.

நான்: ஐயோ, இடது கைக்கு மாற்றச் சொல்லுங்கள்!

அம்மா (குரல் பதிவு): வலிக்கிற பக்கம்தானே பாப்பா முட்டுக் கொடுக்கணும்?

நான்: எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் அம்மா. வலது கால் முன்னே போகும்போது இடது கைதானே தானாக வீசுகிறது? தடியும் அப்படியே வலது காலோடு சேர்ந்து போகட்டும். நீங்கள் இடது காலைத் தூக்கும் நேரத்தில் உடம்பு முழுக்க வலது முழங்காலில் நிற்கிறது. அப்போது இடது கைத் தடி பாரத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். வலது பக்கமே ஊன்றினால் உடம்பும் அந்தப் பக்கமே சாயும்.

நான்: படியில் கம்பிதான் முதல் துணை. கம்பி எந்தப் பக்கமோ அந்தக் கை கம்பியில், மற்றக் கையில் தடி. ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு தடியும் வலிக்கிற காலும். இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில். கரண்டு போயிருந்தால் இறங்கவே வேண்டாம். டார்ச் பிடிக்க மூன்றாவது கை கிடையாது.

தம்பி (பெகு): அப்போ அப்பா தடியை அறுக்கணுமா? எனக்கு மனசு வரவில்லை அக்கா.

அம்மா (குரல் பதிவு): அப்பா கை பட்டது மேலேதானே தம்பி. கீழே அறுத்தால் என்ன? அறுங்கள்.

நான்: அது வீட்டுக்குள் இருக்கட்டும் அம்மா. வளைந்த பிடி உள்ளங்கையை அழுத்தும், தெருவில் ரொம்ப நேரம் தாங்காது. அண்ணே, அம்மா வெறுங்காலில் நிற்கட்டும். தடியைத் தலைகீழாகப் பிடித்து, வளைவு தரையில் பட, மணிக்கட்டு மடிப்பு வரும் இடத்தில் பென்சிலால் கோடு போடு. அடியில் போடும் ரப்பரின் கனத்தைக் கழித்துத்தான் அறுக்க வேண்டும். தச்சரிடம் கொஞ்சம் நீளமாகவே விடச் சொல். கூட இருந்தால் மறுபடி அறுக்கலாம், குறைந்தால் ஒட்ட முடியாது. அலுமினியத் தடியைச் செருப்புப் போட்டு அளந்துகொள். செருப்பும் பின்வார் வைத்ததாக இருக்கட்டும்.

அம்மா (குரல் பதிவு): வெள்ளிக்கிழமைக்குள் முடியுமாப்பா? போன வாரமும் கோயிலுக்குப் போகவில்லை.

பெரியண்ணன்: புதன்கிழமையே முடிந்துவிடும் அம்மா. வெள்ளிக்கிழமை நான் உங்களுக்கு ஒரு படி கீழே நின்று இறங்குகிறேன்.