"கண்டிக்கிறோம்" என்று எழுதக்கூட எங்கள் தலைவர்களுக்குக் கை நடுங்குகிறதே?

மயிலிட்டிப் பேரன்:
கட்சியின் பெயர் சொல்லவில்லை. ஊர்க்காரருக்கு விளங்கும். 14 வருடமாகக் கிளை உறுப்பினர், தேர்தலுக்குத் தேர்தல் பசை வாளி தூக்கியவன்.

போன மாதக் கூட்டத்துக்குத் தீர்மானம் ஒன்று எழுதிக்கொண்டு போனேன். விஷயம் இரண்டு. யாழ்ப்பாணத்துப் பலாலிப் பக்கம் 1990 ஜூனில் விட்டுவந்த காணிகளில் ஒரு பகுதி இன்னும் இராணுவ வேலிக்குள் கிடக்கிறது. வடக்கு மாகாண சபைக்கு 2013 செப்டம்பருக்குப் பிறகு தேர்தலே இல்லை. ஐயாவின் 6 பரப்புக் காணியும் அந்த வேலிக்குள்தான். அதனால் எனக்குக் கொஞ்சம் சூடு அதிகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதியது "வன்மையாகக் கண்டிக்கிறோம்". செயலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு "வன்மையாக" என்பதை வெட்டினார். சரி, போகட்டும். மாவட்டத்திலிருந்து வந்தவர் "கண்டிக்கிறோம்" என்பதைக் "கவலை தெரிவிக்கிறோம்" ஆக்கினார். வடையும் பிளேன்ரீயும் முடிகிற நேரம் அது "உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்" என்று வந்து நின்றது. உரியவர் யார் என்று கேட்டேன். "தம்பி, உதை இப்ப விரிச்சுச் சொல்லத் தேவையில்லை" என்றார். கடைசியில் அந்தத் தாளையும் பத்திரிகைக்குக் கொடுக்கவில்லை.

ஒருவரும் எங்களை மிரட்டவில்லை. போன் வரவில்லை, வாசலில் ஆள் நிற்கவில்லை. அடிக்க ஆள் வரமுன்னமே குனிந்துவிடுகிறார்கள். 2024 நவம்பரில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தெற்கிலிருந்து வந்த தேசிய மக்கள் சக்திக் கட்சிக்குப் போனது. அதற்குப் பிறகாவது ரோசம் வரும் என்று பார்த்தேன். முன்னையைவிடப் பதுங்குகிறார்கள்.

உள்ளே நின்று சண்டை பிடிப்பதா, அட்டையைத் திருப்பிக் கொடுப்பதா?

புழுக்கொடியல்:
உங்களுக்காவது தாள் ஒன்று மிஞ்சியிருக்கிறது. எங்கள் கிளையில் கூட்டத்தையே "சூழ்நிலை கருதி" ஒத்திவைத்தார்கள். சூழ்நிலை என்ன என்று விசாரித்தால், மழை.

கச்சேரியடி:
1961இல் எனக்கு 7 வயது. அப்பா சைக்கிள் பாரில் இருத்திக் கூட்டிப்போய்க் காட்டினார். சிங்களம் மட்டும் சட்டத்துக்கு எதிராகப் பெப்ரவரி 20இல் தொடங்கிய சத்தியாக்கிரகம், கச்சேரி (அரசாங்க அதிபர் அலுவலகம்) வாசலில் சனம் நிலத்தில் குந்தியிருந்தது. ஏப்ரலில் தமிழரசுக் கட்சி சொந்தத் தபால் சேவையே தொடங்கி முத்திரையும் விற்றது. பிறகு அவசரகாலச் சட்டம் வந்தது, தலைவர்களைப் பனாகொடை இராணுவ முகாமில் கொண்டுபோய் அடைத்தார்கள்.

ஆனால் ஒன்று, பத்துப் பதினைந்து வருடம் கழித்து அதே தலைவர்களைக் கோழைகள் என்று திட்டிய பெடியளில் நானும் ஒருவன். இப்போது யோசித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அட்டையை வைத்திருங்கள்.

தென்மராட்சியான்:
பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லாதீர்கள். கொல்லப்பட்ட எங்கள் எம்.பி.க்களை எண்ணுங்கள்: அமிர்தலிங்கம் 1989, நீலன் திருச்செல்வம் 1999, ஜோசப் பரராஜசிங்கம் 2005, எங்கள் ரவிராஜ் 2006. எல்லாத் துவக்கும் ஒரு பக்கத்தில் இருந்ததும் இல்லை. இதைப் பார்த்து வளர்ந்த ஆட்கள்தான் இன்று மேடையில் இருக்கிறார்கள். வாயைத் திறக்கமுன் நாலு பக்கமும் பார்ப்பது அவர்களுக்குப் பழகிவிட்டது.

அப்புக்காத்து:
உணர்ச்சியை விடுங்கள், தீர்மானத்தில் ஓட்டை இருக்கிறது. "தேர்தலை நடத்து" என்று எழுதினால் சட்டத்தைக் காட்டித் தப்பிவிடுவார்கள். 2017இல் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றினார்கள். புது முறைக்குத் தொகுதி எல்லை நிர்ணயம் வேண்டும். அந்த அறிக்கை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றுகூட இல்லை. கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்தார். அதோடு முடங்கியதுதான். பழைய விகிதாசார முறையிலேயே நடத்தத் திருத்தம் கொண்டுவா, எங்கள் உறுப்பினர்கள் எந்தத் தேதிக்குள் அதைக் கேட்பார்கள் என்றும் சொல், இப்படி எழுதுங்கள். தேதி போட்ட வசனத்தைக் "கவலை" ஆக்குவது கஷ்டம்.

மயிலிட்டிப் பேரன்:
தென்மராட்சியான் அண்ணை, ரவிராஜ் சிங்களத் தொலைக்காட்சியில் போயிருந்து சிங்களத்திலேயே வாதாடியவர். அவருக்குப் பயப்படக் காரணம் இருந்தது, பேசினார். எங்கள் ஆட்களின் பயம் வேறு. கொழும்பில் ஒரு அமைச்சருக்குப் போன் போட்டு யாரோ ஒருவரின் மகளுக்கு இடமாற்றம் எடுத்துக் கொடுக்கிறார்களே, அந்த லைன் அறுந்துபோகும் என்ற பயம். இதற்குத் துவக்கைக் காரணம் காட்டினால் செத்தவர்களுக்கு மரியாதையில்லை.

அப்புக்காத்து சொன்னபடி தாளைத் திருத்திவிட்டேன், தேதியோடு. ஞாயிறு கூட்டம். இந்த முறை எந்தச் சொல்லை யார் வெட்டச் சொன்னார் என்று பெயரோடு கூட்ட அறிக்கையில் பதியக் கேட்கப்போகிறேன். செயலாளருக்குப் போனில் முன்கூட்டியே சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "உது வழமையில்லையே தம்பி" என்றார்.